புக்கிட் தீமா மேட்டில் கார் நின்றது ஏன்

அன்புள்ள சேவியர்,

நேற்று சாயங்காலம் நிர்மலா நம் வீட்டுக்குத் தனியாக வந்திருந்தாள். கல்யாண அழைப்பிதழில் யார் பெயரோ விட்டுப்போயிருக்கிறது, அதைச் சொல்லத்தான் பூன் லே வரைக்கும் இந்தப் பெண் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவும் ரோஸியும் பாட்டுப் பயிற்சிக்காகக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நானே தேநீர் போட்டுக் கொடுத்தேன். பாதிக் கோப்பை குடித்த பிறகு அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

“அங்கிள், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லும்மா.”

“எங்கேஜ்மென்ட் அன்னிக்கு அந்த கார் கதைய சொன்னீங்கல்ல. இனிமே அத சொல்லாதீங்க அங்கிள், ப்ளீஸ். எல்லாரும் சிரிச்சாங்க. அவரும்தான் சிரிச்சாரு. ஆனா நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். அவர் கை ஐஸ் மாதிரி ஆயிடுச்சு.”

அவளே மேலே சொன்னாள். “வெளிய கிளம்பினா எல்லா சுவிட்சையும் மூணு தடவ தொட்டுப் பாக்குறாரு. பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துட்டு மறுபடியும் வீட்டுக்கு ஓடுறாரு. நான் கிண்டல் பண்ணிட்டே இருப்பேன். ஒருநாள் ஏன்னு கேட்டேன். ஒம்பது வயசுல ஒரு லைட்ட அணைக்க மறந்து என் தங்கச்சிய கொல்லப் பாத்தேன்னாரு. ஜோக் மாதிரிதான் சொன்னாரு.”

அவள் போன பிறகு விளக்குப் போடாமல் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் தகப்பன் மகனுக்குச் சொல்ல வேண்டியவை என்று சில விஷயங்களை மனத்தில் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றுக்கெல்லாம் முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று பதினைந்து வருடமாகப் பாக்கி இருக்கிறது. அந்த மழை நாளில் கார் நின்றது உன்னால் அல்ல. அது எனக்கு அன்றைக்கே தெரியும். நின்ற அந்த நிமிடத்திலேயே தெரியும். எப்படி என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

அப்போது நாம் சுவா சூ காங்கில், காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே தகரக் கூரை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு ஜூரோங்கில் ஒரு பெரிய கிடங்கில் வேலை. பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் பேட்டரி வண்டிகள் அங்கே இருபதுக்கு மேல் இருந்தன. அவற்றைப் பழுது பார்ப்பது என் பொறுப்பு. நம்மிடம் இருந்த பச்சைக் காரை நீ மறந்திருக்க மாட்டாய். எனக்கு முன்னால் அதை மூன்று பேர் வைத்திருந்தார்கள். எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறிய அந்த வருடம்தான் அதன் எஞ்சினும் வெடிப்பு விட்டது. பார்த்தவர்கள் எல்லாம் இரும்புக்குப் போடச் சொன்னார்கள். அதே வாரத்தில் கிடங்கில் ஒரு பழைய தூக்கு வண்டியைக் கழித்துக்கட்டினார்கள். அதன் மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. மேலாளரிடம் கேட்டேன், எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார். இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பக்கத்துத் தோட்டக்காரர் ஆ செங்தான் எஞ்சினை வெளியே எடுக்க உதவினார். ரம்புத்தான் மரக் கிளையில் சங்கிலி போட்டு, அவரும் அவர் மனைவியும் நானும் இழுத்தோம். நீ தள்ளி நின்று எண்ணிக்கை சொன்னாய். மோட்டாரைக் கியர் பெட்டியோடு சேர்க்க ஒரு தடித்த இரும்புத் தட்டு வேண்டியிருந்தது. ஜாலான் புசார் பக்கம் ஒரு லேத் பட்டறையில் நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கடைந்து வாங்கினேன். ஒரு நூல் அளவு பிசகினாலும் கார் முழுக்க அதிரும். மூன்று தட்டுகள் வீணாகி நாலாவதுதான் சரியாக உட்கார்ந்தது. லோரி பேட்டரிகள் எட்டு. எஞ்சின் இருந்த இடத்தில் நாலு, பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் நாலு. கிடங்கு வண்டியில் இருந்த சுவிட்சுப் பெட்டியையே காலால் மிதிக்கும்படி மாற்றி வைத்தேன். முதன்முதலில் மிதித்தபோது கார் தவளை மாதிரி எகிறி ஆ செங்கின் கீரைப் பாத்திக்குள் போய் நின்றது. அவர் திட்டவில்லை. சத்தமே வரவில்லையே என்று காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

இதற்கு எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதத்தில் உன் அம்மா என்னிடம் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். சாப்பிடும் நேரத்திலாவது உள்ளே வந்து உட்காருங்கள் என்றாள். நான் போகவில்லை. என் சட்டைகளில் மட்டுமல்ல, அவள் சேலைகளிலும் ஆசிட் பட்டுப் பொத்தல் விழுந்திருந்தது. அவள் கர்ப்பமாயிருந்தாள். பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும்போது வரும் நெடி அவளுக்கு ஆகாது என்று சொன்னபோது, கொட்டகைக் கதவைச் சாத்தினேனே தவிர வேலையை நிறுத்தவில்லை. எனக்கு அப்போது ஊர் முழுக்கப் பேச்சு. தேக்காவில் நாங்கள் ஞாயிறு காலையில் கூடும் காப்பிக்கடையில், “பெட்டி தூக்குற மோட்டார வச்சு கார் ஓட்டுறான் லா இவன்” என்று எவனாவது ஆரம்பிப்பான். எவ்வளவு தூரம் போகும் என்று அடுத்தவன் கேட்பான். இருபது மைல் என்று நான் சொல்வேன். சமதரையில், ஒருமுறை, நான் மட்டும் உட்கார்ந்து ஓட்டியபோது பதினேழு மைல் போயிருந்தது. சொல்லச் சொல்ல அது இருபது ஆகிவிட்டது. இதையும் கேட்டுக்கொள். இப்படி மாற்றிய காரைச் சாலையில் ஓட்ட அனுமதி கேட்டு எழுதியிருந்தேன். பதில் வரவில்லை. வரும் முன்பே ஓட்டினேன்.

இனி நீ அறியாத பகுதிக்கு வருகிறேன். பேட்டரியின் மேலே ஆறு மூடிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு அறை. ஆசிட்டை உறிஞ்சிப் பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. உள்ளே இருக்கும் மிதவை மேலே நின்றால் அறை நன்றாக இருக்கிறது, கீழே போனால் செத்துக்கொண்டிருக்கிறது. வேடிக்கையாக இருக்கும் என்று நீயே பலமுறை அதைப் பிடித்துப் பார்த்திருக்கிறாய். அம்மாவுக்கு வலி வந்த நாளுக்கு நாலு நாள் முன்பு, பின்பக்கத்துப் பேட்டரி ஒன்றில் மூன்றாவது அறையை உறிஞ்சிப் பார்த்தேன். மிதவை அடியோடு போய் உட்கார்ந்துவிட்டது. மறுநாளும் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. கிடங்கில் அந்த மாதிரி ஒரு பேட்டரியை வண்டியில் போட்டு எவனாவது ஓட்டினால் அவனை நான் நாலு பேர் முன்னால் திட்டுவேன். ஒரு அறை செத்தால் அந்த வரிசை முழுவதையும் அது இழுத்துக் கீழே தள்ளிவிடும். மேடு ஏறும்போது கட்டாயம் படுத்துவிடும். இதெல்லாம் எனக்குச் சோறு போடும் தொழில். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை. வேறு பேட்டரி மாற்றும் வரைக்கும் காரை எடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த ஞாயிறு கோயிலுக்குக் காரில் வருவதாக எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

வலி வந்தது ஒரு மத்தியானம். டிசம்பர் மழை. உனக்குப் பள்ளி விடுமுறை. அம்மா சமையற்கட்டு வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து நீதான் கொட்டகைக்கு ஓடி வந்தாய். அதற்குள் ஆ செங்கும் வேலியோரம் வந்துவிட்டார். அவருடைய லோரி சந்தைக்குப் போய்த் திரும்பி அப்போதுதான் நின்றிருந்தது. “லோரி அடா லா! மாரி, மாரி!” என்று கத்தினார். லோரி இருக்கிறது, வாங்க, வாங்க. இன்றைக்கும் அந்தக் குரல் என் காதில் கேட்கிறது. நான் கையை ஆட்டி வேண்டாம் என்றேன்.

அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள். “ஏங்க, இது டவுன் ஆஸ்பத்திரி வரைக்கும் போகுமா?”

“இருபது மைல் போகும். நீ ஏறு.”

சேவியர், நீ கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாய். நிர்மலா உன்னிடமும் இப்படிக் கேட்பாள். வீட்டைப் பற்றியோ வேலையைப் பற்றியோ உன் உடம்பைப் பற்றியோ, இது தாங்குமா என்று ஒருநாள் கேட்பாள். நீ தைரியசாலியா என்று சோதிப்பதற்காகக் கேட்க மாட்டாள். எங்கே கால் வைக்கலாம் என்று தெரிந்துகொள்ளக் கேட்பாள். உனக்குத் தெரிந்ததை அப்படியே சொல்லிவிடு. தெரியாது என்றாலும் அதையே சொல். உன் அம்மாவுக்கு அந்த ஒரு பதிலை நான் சரியாகச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியமே இருந்திருக்காது.

புக்கிட் பாஞ்சாங் தாண்டும் வரை கார் நன்றாகத்தான் போனது. மழைக்குத் துடைப்பானும் விளக்கும் போட்டிருந்தேன். நீ பின்சீட்டில் அம்மாவின் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜெபமாலையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தாய். புக்கிட் தீமா மேடு ஆரம்பித்ததும் மோட்டாரின் முனகல் மாறியது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். வேகம் குறைந்து, நடக்கிற வேகமாகி, ஒரு லோரி ஒலி எழுப்பிக்கொண்டு நம்மைத் தாண்டிப் போக, கார் சாலையோரத்தில் நின்றேவிட்டது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, “என்னாச்சு?” என்றாள். நான் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தேன். அவள் மறுபடியும் கேட்டாள். “என்னாச்சுங்க, சொல்லுங்க.”

நான் திரும்பி உன்னைப் பார்த்தேன்.

“நேத்து இந்த வண்டில லைட்ட போட்டு வச்சது யாரு? நீதானே? இப்ப பாரு, உன்னாலதான் நிக்குது. அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னாலதான்!”

முந்தின நாள் சாயங்காலம் நீ காருக்குள் உட்கார்ந்து விளையாடியது உண்மை. கூரையில் இருந்த சின்ன விளக்கைப் போட்டுவிட்டு இறங்கியதும் உண்மை. நீ இறங்கிப் பத்து நிமிடத்துக்குள் நான் அதைப் பார்த்து அணைத்துவிட்டேன். அதன் பிறகு இரவு முழுக்கப் பேட்டரிகளுக்கு மின்சாரம் ஏறியது. அந்த விளக்கால் பேட்டரிக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. உன் அம்மா கேட்ட கேள்விக்கு எனக்கு உடனே ஒரு பதில் வேண்டியிருந்தது. கைக்கு எட்டிய தூரத்தில் நீ இருந்தாய். அவ்வளவுதான் நடந்தது.

நீ அழவில்லை. பையைச் சீட்டில் வைத்துவிட்டு, கதவைத் திறந்து மழையில் இறங்கிப் பின்னால் போய்க் காரைத் தள்ள ஆரம்பித்தாய். உள்ளே எட்டு பேட்டரிகளும் நாங்கள் இரண்டு பேரும். நாலு ஆள் சேர்ந்தாலும் அந்த மேட்டில் அது நகராது. கண்ணாடியில் உன் தலை மட்டும் தெரிந்தது. செருப்பு வழுக்கி நீ முழங்கால் படிய விழுந்து, எழுந்து, மறுபடியும் தள்ளினாய். போதும் வா என்று நான் உன்னைக் கூப்பிடவில்லை.

நமக்குப் பின்னாலேயே ஆ செங்கின் லோரி வந்துவிட்டது. நான் வேண்டாம் என்று சொன்ன பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று அவர் பெண்டாட்டியையும் ஏற்றிக்கொண்டு பின்தொடர்ந்திருக்கிறார். அம்மாவை முன்னால் ஏற்றினோம். ஆ செங்கின் மனைவி அவளைத் தாங்கிக்கொண்டாள், நான் கதவோரம் ஒடுங்கிக்கொண்டேன். உனக்கு அங்கே இடம் இல்லை. காலிக் கூடைகளுக்கு நடுவே, தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நீ தனியாகப் பின்னால் வந்தாய். டவுன் வரைக்கும் அங்கே நீ என்ன நினைத்துக்கொண்டு வந்திருப்பாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ரோஸி மூச்சுத் திணறிப் பிறந்தாள். உடம்பெல்லாம் நீலம். பத்து நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று தாதி சொன்னபோது, நீ என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அந்தப் பத்து நாளும் நீ சரியாகச் சாப்பிடவில்லை. தங்கச்சியை நினைத்துப் பயப்படுகிறான் என்று அம்மா சொன்னாள். நானும் ஆமாம் என்றேன்.

இவ்வளவும் ஒரு நாளில், ஒரு பதற்றத்தில் நடந்தது என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு செய்ததற்குச் சாக்கே இல்லை. அடுத்த வருடம் நீ புதுநன்மை வாங்குவதற்காக சாமியாரிடம் போய்ச் சொல்ல வேண்டிய முதல் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தாய். பாவங்களை மறந்துவிடாமல் இருக்க ஒரு தாளில் எழுதி, கொட்டகைக்குப் பின்னால் நின்று மனப்பாடம் செய்தாய். நான் உள்ளே புதுப் பேட்டரியைப் பொருத்திக்கொண்டிருந்தேன். உன் குரல் தகரத்தின் வழியாகக் கேட்டது. பொய் சொன்னேன், மூன்று தடவை. ஜெபத்தின்போது சிரித்தேன். பென்சில் திருடினேன். கடைசியாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னாய். என் தங்கச்சியைக் கொல்லப் பார்த்தேன், ஒரு தடவை.

நாலு எட்டு வைத்திருந்தால் உன்னிடம் வந்திருப்பேன். என் கையில் ஸ்பானர் இருந்தது. அதைக் கீழே வைத்தேன். மறுபடியும் எடுத்து வேலையைத் தொடர்ந்தேன். உன்னிடம் சொன்னால் நீ அம்மாவிடம் சொல்வாய், அம்மா என்னை எப்படிப் பார்ப்பாள் என்ற பயம். கோயிலில் சொன்னால் பையனுக்கு மனசு லேசாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு வாங்கினால் மனசு எப்படி லேசாகும்?

அந்தப் பேட்டரியை மாற்றிய பிறகு கார் நன்றாக ஓடியது, உனக்குத் தெரியும். அனுமதியும் வந்தது. ஞாயிறு பூசை முடிந்து ஆட்கள் சுற்றி நின்று முன்மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். முதலில் ஒரு தடவை மேட்டில் நின்றுவிட்டதாமே என்று யாராவது கேட்டால், என் மகன் லைட்டை அணைக்க மறந்துட்டான் என்று சொல்வேன். எல்லாரும் உன் தலையைத் தட்டிச் சிரிப்பார்கள். எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை. அரசாங்கம் சுவா சூ காங் நிலத்தை எடுத்துக்கொண்டு நமக்கு இங்கே ஆறாவது மாடியில் வீடு கொடுத்தபோது, அவ்வளவு உயரத்திலிருந்து கீழே நிற்கும் காருக்கு மின்சாரம் கொடுக்க வழியில்லாமல் அதை இரும்புக்குப் போட்டேன். கார் போன பிறகும் கதையை மட்டும் விடவில்லை. போன மாதம் உன் நிச்சயதார்த்தத்தில், நிர்மலாவின் தகப்பனார் முன்னால் கடைசியாகச் சொன்னேன்.

அது ஒரு நல்ல கார், சேவியர். அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. என் கையால் நான் செய்தவற்றில் அதுதான் பெரியது. அதன் மேல் எனக்கு இருந்த பெருமை தப்பில்லை. அதை யாரும் குறை சொல்லக் கூடாது என்பதற்காக உன்மேல் பழியைப் போட்டதுதான் தப்பு. நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும். ஏதாவது உடையும், ஏதாவது நிற்கும். அந்த நேரத்தில் பிள்ளையின் முகம் பக்கத்திலேயே இருக்கும். அதன்மேல் கையை நீட்டும் முன், உனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது என்ன என்று ஒரு நிமிடம் யோசி.

இன்று காலையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பருப்புக் களைந்துகொண்டிருந்தாள். தண்ணீர் வழிவதைக் கவனிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். குழாயை மூடிவிட்டு, “அதான் அவன்” என்றாள். பிறகு, “பதினஞ்சு வருஷமா அவன் என்னை எதுத்து ஒரு வார்த்த பேசினதில்ல. ரோஸி எவ்வளவு பேசுறா! இவன் மட்டும் ஏன் இப்படி நல்ல பிள்ளையா இருக்கான்னு நான் பெருமப்பட்டுக்கிட்டு இருந்தேங்க” என்றாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இந்தக் கடிதத்தைத் தபாலில் அனுப்பக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னாள். ரோஸிக்கும் இன்று ராத்திரி நானே சொல்ல வேண்டும் என்றாள். சொல்வேன்.

எனவே இதை நானே எடுத்துக்கொண்டு நாளைக்குத் தெம்பனிஸுக்கு வருகிறேன். வாயால் சொல்லப் போனால் எங்காவது ஒரு இடத்தில் எனக்குச் சாதகமாகத் திருப்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதினேன். நீ இந்தப் பக்கத்துக்கு வந்து சேரும்போது நான் உன் புது வீட்டில், உனக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். நீ கத்தினாலும் சரி, எழுந்து உள்ளே போய்விட்டாலும் சரி, நான் பஸ்ஸைப் பிடிக்க எழுந்துவிட மாட்டேன். படித்து முடித்துவிட்டாய் என்றால், தலையை நிமிர்த்தி என்னைப் பார், ஐயா.

அப்பா